மின்துப்பாக்கித் தாளும் மிஸ் லொரெட்டாவும்

ஒரே ஒரு முறை சுட்டதாகப் போலீஸ் எழுதியிருக்க, மூன்று முறை மின்சாரம் பாய்ந்தது என்று என் அண்ணன் ஏன் சொல்கிறான்? போன நவம்பரில் என்னிடம் இதற்குப் பதில் இல்லை. வலியில் எண்ணிக்கை தப்பியிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

யாரையோ தேடி வந்த போலீசார் அண்ணன் கர்ட்டிஸைத் தெருவில் நிறுத்தினார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்கத் தாமதித்தான். உடலில் மின்சாரம் பாய்ச்சும் மின்துப்பாக்கியால் சுட்டுக் கீழே விழவைத்தார்கள். கைதை எதிர்த்ததாக வழக்கும் போட்டார்கள். ஒப்புக்கொண்டால் சிறை இல்லை என்றார்கள். ஆனால் குற்றப் பதிவு உள்ளவனுக்கு ஆம்புலன்ஸில் வேலை கிடையாது. அதற்காக ஒரு வருடம் படித்தவன் அவன்.

எங்கள் ஒஹாயோ ஊரில் போலீஸ் மீதான புகார்களைப் பார்க்க ஐந்து பேர் கொண்ட குடிமக்கள் குழு உண்டு. அதில் ஒருவர் லொரெட்டா பிங்க்கர்ட். பதினாறு வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். அப்போதுதான் வாங்கிய பாலையும் முகர்ந்து பார்த்துத்தான் காப்பியில் ஊற்றுவார். பின் இருக்கையில் சத்தம் நின்றுவிட்டால் உடனே வண்டியை ஓரம் கட்டி எழுந்து வருவார். வேறு யாரும் விண்ணப்பிக்காததால்தான் குழுவில் இடம் கிடைத்தது என்பார்.

எங்கள் புகாரைப் பார்த்த குழுவின் பொதுக் கூட்டத்துக்குப் போலீஸ் தரப்பில் லெப்டினன்ட் ஹாஸ்கெல் ஒரு பக்கச் சுருக்கம் கொண்டுவந்தார்.

“சுருக்கம் வேண்டாம் லெப்டினன்ட். விசைய அழுத்தற ஒவ்வொரு தடவையும் துப்பாக்கிக்குள்ளயே பதிவாகுமாமே. அது முழுசா வேணும்,” என்றார் மிஸ் லொரெட்டா.

ஒரு தாள் வர மூன்று வாரம் ஆனது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தாளின் கடைசியில் மூன்று அழுத்தல் இருந்தது. ஒவ்வொன்றும் ஐந்து வினாடி.

“இந்த மூணுல முதல் ரெண்டும் காலைல டூட்டி ஏறும்போது பண்ற சோதனை மேடம். பொறி வருதான்னு தினமும் அழுத்திப் பாப்போம்,” என்றார் ஹாஸ்கெல். “குளிர்காலத்துக்கு ஊரே கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வெச்சோம்ல, துப்பாக்கில யாரும் வெக்கல. அதுல இருக்கற நேரத்த நம்ப முடியாது.”

“என் பஸ் கடிகாரமும் இன்னும் மாத்தல. அதுக்காக ஒரு ஸ்டாப்புக்கும் அடுத்த ஸ்டாப்புக்கும் நடுவுல ஆகற நேரம் மாறிடுமா?” அவர் விரல் தாளில் இறங்கியது. “இந்த மூணும் அரை நிமிஷத்துக்குள்ள. உங்க சோதனை தனியா மேல இருக்கு பாருங்க. எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு, ஒரே செகண்ட். ஒரு மணி கழிச்சா ஏழு. அதானே டூட்டி ஏறுற நேரம்?”

“பயிற்சில அந்த ஷாக்க நானே வாங்கியிருக்கேன் மேடம்,” என்று பேச்சை மாற்றினார் ஹாஸ்கெல். “எழுந்து சிரிச்சேன்.”

“எத்தன தடவ?”

“ஒரு தடவ.”

“கீழ மெத்தை போட்டிருந்தாங்களா?”

ஹாஸ்கெல் தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

“இன்னும் ரெண்டு வாங்கிட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்க, மிஸ் லொரெட்டா,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

கர்ட்டிஸ் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் வழக்கைக் கைவிட்டார்கள். கடிதத்தில் காரணம் இல்லை. சுட்டவர் இன்னும் ரோந்து வருகிறார். ஜனவரியில் மிஸ் லொரெட்டாவின் பதவிக்காலத்தை மேயர் நீட்டவில்லை. இப்போது குழுவுக்குச் சுருக்கம் மட்டும்தான் போகிறதாம். இவையெல்லாம் தற்செயல் என்கிறார்கள். நான் நம்பவில்லை.

அண்ணன் இப்போது ஆம்புலன்ஸில் வேலைக்குப் போகிறான். அடுத்த வீட்டுப் பையனுக்கு இப்படி நடந்தால் முழுத் தாளைக் கேட்கக் குழுவில் யாரும் இல்லை. அதனால் இதைப் படித்தவர்கள், முழுத் தாளைக் கேட்க வேண்டும் என்று இன்னொருவருக்குச் சொல்லுங்கள். கேட்டவரையும் சொல்லச் சொல்லுங்கள்.