குஞ்சுக் கொட்டகையில் எடுத்த மூன்று படங்கள்

என் மாமா ரிக் வண்டியோடு வடக்கே போய் போர்வெல் போடுகிறவர். ஒருமுறை ஊருக்கு வந்தபோது சோப்புப் பெட்டி அளவில், வெள்ளி நிறத்தில் ஒரு டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். அதன் முன்மூடி சரியாக மூடாது. அதனாலேயே அது எனக்குக் கிடைத்தது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்ற வருடம் அது. நான்கு பேர் சேர்ந்து வந்தால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் பையன் நான். கேமரா வந்த பிறகும் நிற்கும் இடம் மாறவில்லை. அங்கிருந்து பார்க்க ஒரு சின்னத் திரை கிடைத்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பென்சில் பேட்டரி இரண்டு வேண்டும். ஒன்றைச் சுவர்க் கடிகாரத்திலிருந்தும் மற்றதை ரேடியோவிலிருந்தும் எடுப்பேன். கேமராவுக்கு உயிர் வந்தால் வீட்டில் மணி நின்றுவிடும். படங்களைக் கழுவிக் காகிதத்தில் பார்க்கும் வழி எங்களுக்குத் தெரியாது. அவை கேமராவுக்குள்ளேயே இருந்தன. அம்புக்குறி பட்டனை அழுத்தினால் ஒவ்வொன்றாக வந்தன.

எனக்கு எல்லாவற்றையும்விட அதிசயமாக இருந்தது படம் எடுக்கும்போது வெட்டும் ஃபிளாஷ் ஒளிதான். வெயிலில் அது வராது. இருட்டான இடமாகப் பார்த்துத் தானாக வெட்டும். கட்டிலுக்கு அடியில் எடுத்துப் பார்த்தேன், சாக்குப் பைக்குள் கையை விட்டு எடுத்துப் பார்த்தேன். பூனையை எடுத்தபோது கண் இரண்டும் பச்சையாக எரிந்தன. கோழிக்குஞ்சுக்கு எப்படி எரியும் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் அப்பாவுக்கு வேலை. குஞ்சுக் கொட்டகை அவர் பொறுப்பு. நாங்கள் குடியிருந்த அறையும் பண்ணைக்குள்தான் இருந்தது. குஞ்சுகளுக்குக் குளிர் ஆகாது என்பதால் சுற்றிலும் படுதாவை இறக்கி, உள்ளே பல்பு எரிய விட்டிருப்பார்கள். சின்னக் குஞ்சுகளைச் சுற்றி வட்டமாகத் தகடு நிற்கும். கொஞ்சம் வளர்ந்ததும் தகட்டை எடுத்துவிடுவார்கள். வட்டத்துக்கு மூலை கிடையாது, கொட்டகைக்கு நான்கு மூலை உண்டு. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

தகடு எடுத்து நான்கைந்து நாள் ஆகியிருக்கும். ஒரு சாயங்காலம் அப்பா மோட்டார் போடப் போன நேரத்தில் உள்ளே நுழைந்தேன். முதல் படத்தில் குஞ்சுகள் கொட்டகை முழுக்கப் பரவி மேய்ந்தன. ஒளி வெட்டியதும் அத்தனையும் ஒரே பக்கமாகத் தண்ணீர் போல ஓடின. ஓடுவதை இன்னொரு படம் எடுத்தேன். மூன்றாவதில் மூலையில் மஞ்சளாக ஒரு குவியல்தான் இருந்தது. கண் எப்படி எரிகிறது என்பது கடைசிவரை தெரியவில்லை.

சத்தம் கேட்டு அப்பா ஓடிவந்தார். மண்டியிட்டு இரண்டு கையாலும் குவியலை அள்ளி அள்ளி விலக்கினார். மேலே இருந்தவை ஓடிவிட்டன. அடியில் இருந்தவை எழுந்திருக்கவில்லை. ஒரு கூடை நிறைந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு அப்பா என்னைப் பார்த்தார்.

"நீ உள்ளயே வரல. ஆரு கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது, சாமி."

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கைவந்த வேலை. தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை பண்ணைக்காரர் வந்தார். பல்பு நின்றுபோய்விட்டது, குளிர் தாங்காமல் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன, தான் வந்து பார்த்து வேறு பல்பு மாட்டுவதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று அப்பா சொன்னார். பல்பு என்றால் நிற்கத்தான் செய்யும் என்று பண்ணைக்காரரும் பெரிதாகக் கோபப்படவில்லை. போகிற போக்கில் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்துவிட்டார்.

"அதென்ன சாமி, போட்டோப் பொட்டியா? என்ன புடிச்சுருக்கற, காட்டு பாக்கலாம்."

அப்பா பேச்சை மாற்றி, தீவனம் தீர்ந்துபோனதைப் பற்றிச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கேமராவை நீட்டிப் பட்டனை அழுத்தினேன். குஞ்சுகள் பரவி நின்றன, ஓடின, குவிந்தன. திருப்பி அழுத்தினால் குவியல் பிரிந்து எல்லாம் பழையபடி மேயப் போயின. அதுதான் அதில் எனக்குப் பிடித்த வித்தை. பண்ணைக்காரருக்கும் பிடித்துவிட்டது போலிருந்தது. கையில் வாங்கி மூன்று தடவை பார்த்தார். பிறகு குவியல் இருந்த படத்தில், மேலே ஓர் இடத்தில் நகத்தை வைத்தார்.

"இது என்ன சாமி?"

"பல்புங்க" என்றேன்.

"எரியுதா?"

தலையை ஆட்டினேன்.

அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். பண்ணைக்காரர் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, "பையன் கை ஆடாம எடுத்திருக்கறான்" என்றார். அப்புறம் அப்பாவிடம், குரலை உயர்த்தாமல், "நாளையிலருந்து நீ தீவன மில்லுக்குப் போயிரு. கொட்டாய்க்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

"சரிங்க" என்றார் அப்பா.

நான் அம்மாவிடம் ஓடினேன். பண்ணைக்காரர் என் படத்தை மூன்று தடவை பார்த்தார், அப்பாவுக்கு மில்லில் வேலை கொடுத்துவிட்டார் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசி அம்மா கேட்டதில்லை. எனக்குப் பின்னால் வந்த அப்பாவை அவள் பார்த்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்கறான்" என்றார் அப்பா.

மில் வேலை என்பது லாரியிலிருந்து மூட்டை இறக்குவது. முதல் நாள் முடிந்து அப்பா தலையெல்லாம் தவிட்டுத் தூளோடு வந்தார். புது வேலைக்கு ஒரு படம் வேண்டும் என்று அவரை வாசலில் நிறுத்தினேன். திரையில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிந்தார்.

"நிமுந்து நில்லுங்கப்பா" என்றேன்.

அவர் ஒரு கையை இடுப்பில் ஊன்றி நிமிரப் பார்த்தார். பாதி வரைக்கும் வந்தார். படம் என்றால் அப்பாவுக்கும் என்னைப் போலவே கூச்சம் என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.