கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து

கம்ப்யூட்டரில் டாஸ் இருந்த வரைக்கும் எனக்குக் கண் தெரிந்தது. டாக்டர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் ஒரு நாளும் நான் வேலை செய்கிற இடத்துக்கு வந்து பார்த்ததில்லை.

கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்து. எழுத்துக்குப் பக்கத்தில் விட்டு விட்டு மினுக்குகிற சின்னக் கோடு. வேறு எதுவும் கிடையாது. கோடு எங்கே மினுக்குகிறதோ அங்கேதான் நான் பார்க்க வேண்டும், அங்கேதான் அடிக்க வேண்டும். என் கண்ணில் மிச்சமிருந்த பார்வைக்கு அந்த அளவு போதுமாக இருந்தது.

மிச்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அது குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் முடிக்கும் வயதில் வேலூரில் ஒரு கண் டாக்டரிடம் அப்பா கூட்டிப்போனார். பணம் கட்டவும் காபி வாங்கவும் அவர் வெளியே போன நேரத்தில் டாக்டர் என்னிடம் ஆங்கிலமும் தமிழும் கலந்து சொல்லி முடித்துவிட்டார். பார்வை ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டு வரும், மருந்து கிடையாது, நடுவில் இருப்பது எத்தனை வருஷம் நிற்கும் என்று சொல்ல முடியாது. அப்பா காபியோடு வந்து, "இன்னா சொன்னாரு?" என்றார். "மாலைக்கண்ணாம்பா. கீரை சாப்புடச் சொன்னாரு" என்றேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை இல்லாத வாரமே கிடையாது. நான் ஆட்டுக்குட்டி மாதிரி மென்றேன். அம்மா இல்லாத வீடு அது. அப்பாவே உருவி, அப்பாவே சமைத்து, நான் சாப்பிடுகிற வரைக்கும் எதிரில் உட்கார்ந்திருப்பார்.

டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தேன். அங்கே விரலுக்கு மேல் ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள், எழுத்தைப் பார்த்து அடிக்கக் கூடாது என்று. பார்த்தால் மாஸ்டர் ஸ்கேலால் முட்டியில் தட்டுவார். மற்றப் பெண்கள் துணியைச் சபித்தார்கள். எனக்கோ வாழ்க்கையில் முதல்முறையாக, பார்க்காமல் இருப்பதற்குப் பாராட்டுக் கிடைத்தது.

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஒரு பட்டு முதலாளியின் ஆபீசில் வேலை கிடைத்தது. தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் கொடுத்து, நெய்த புடவையை வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிற இடம். அப்பாவும் அந்த முதலாளிக்குத்தான் நெய்தார். புதுப் பாவு நூல் போடுகிற ஒவ்வொரு தறிக்காரருக்கும் ஒரு சீட்டு அடித்துக் கொடுப்பது என் வேலை. டிசைன் நம்பர், உடல் கலர், பார்டர் கலர், முந்தி கலர். அதை எடுத்துக்கொண்டு அவர் சாயக்காரரிடம் போவார். சீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் நூலில் ஏறும்.

டாஸில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர். அரக்கு, ஆனந்தா நீலம், மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், எல்லாவற்றுக்கும். எனக்கு எல்லாமே விரலில் இருந்தது. புதுக் கலர் ஒன்று வந்தால் கடைசி நம்பருக்கு அடுத்த நம்பர் அதற்கு. பழையது எதுவும் இடம் மாறாது. தறிக்காரர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் பிரிண்டர் கறகறவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். "கம்ப்யூட்டர் பொண்ணு" என்றுதான் என்னைச் சொல்வார்கள். தெருவில் நான் சைக்கிளில் இடிபட்டிருக்கிறேன், கல்யாண வீட்டில் இலையை மிதித்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த நாற்காலியில் மட்டும் யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அது போய்விட்டால் எனக்கு வேறு எதுவும் இல்லை என்று நன்றாகத் தெரியும். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை.

அப்பா சில நாள் சீட்டுக்கு வருவார். அவர் முறை வந்த பிறகும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பக்கத்து ஆளிடம் ஒரு பெருமையும் பேச மாட்டார். ஆனால் சீட்டை மடிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போவார்.

இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச நாளில் அந்தக் கறுப்புத் திரை போனது. முதலாளி விண்டோஸ் வாங்கினார். வேலூரிலிருந்து வந்து அதைப் போட்டுக் கொடுத்த ஆள் ரொம்ப சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே எதையும் ஞாபகம் வெச்சிக்கவே வேணாம்மா. பாத்துகினே கிளிக் பண்ணிகினு போலாம். சின்னக் கொழந்தை கூட பண்ணும்."

எனக்கு இருந்த ஒரே சொத்து ஞாபகம். அதைத்தான் வேண்டாம் என்றார் மனிதர். அவரை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது. "சரிங்க சார்" என்றேன்.

திரை முழுக்க வெள்ளை. நல்ல வெயிலில் காயப்போட்ட வேட்டிக்கு முன்னால் நின்றால் எப்படிக் கூசுமோ அப்படிக் கூசியது. எழுத்தெல்லாம் மெல்லிசாக, சாம்பலாக, அந்த வெள்ளைக்குள்ளேயே கரைந்து கிடந்தது. மவுஸை நகர்த்தினால் ஒரு அம்பு நகரும் என்றார்கள். நகர்ந்திருக்கும். நான் பார்க்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். அப்பா கீரையை அதிகமாக்கினார்.

விட்டுவிட மனசில்லை. முதலாளி சாமி கும்பிட்டு வருவதற்கு முன்னாடியே ஆபீசுக்குப் போய், விசைப்பலகையில் எந்த விசை எங்கே கொண்டு போகிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவ ஒரு விசை இருந்தது. கலர் கட்டத்துக்கு வந்து கீழ் அம்பை அழுத்தினால் பட்டியல் ஒவ்வொன்றாக இறங்கியது. எது எத்தனையாவது என்று பக்கத்து மேஜைக் கணக்குப்பிள்ளையிடம் ஏதோ சந்தேகம் கேட்பது போலக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தேன். அப்புறம் திரையைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பது போல முகத்தை மட்டும் நேராக வைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் முதலாளி பெஞ்சில் இருந்த அப்பாவிடம் சத்தமாகச் சொன்னார்: "பாத்தியா உன் பொண்ண. மவுஸைத் தொடறதே இல்ல. என்னா ஜல்தியா அடிக்குது!" அப்பா சிரித்தது எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு தடவை, விண்டோஸ் போட்டுக் கொடுத்த அந்த வேலூர்க்காரர் வந்தார். சென்னைக் கடைகள் கேட்ட புதுக் கலர்களை உள்ளே ஏற்றினார். போகும்போது, "நாலஞ்சு கலர் சேத்திருக்கேன்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் டாஸ் புத்தியில், புதுசெல்லாம் கடைசியில்தானே உட்காரும் என்று இருந்துவிட்டேன். அது இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி அடுக்கிக்கொள்கிற பட்டியல் என்று எனக்குத் தெரியாது. கண் இருக்கிறவர்களுக்கு அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை, நேராகப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். புதுக் கலர் ஒன்று தலைமாட்டில் போய் உட்கார்ந்ததில் ஆனந்தா நீலமும் அடுத்திருந்த அரக்கும் ஒரு படி கீழே இறங்கிவிட்டன. நான் பழைய கணக்குப்படியே அழுத்தினேன். அரக்கு என்று நினைத்து நிறுத்திய இடத்தில் ஆனந்தா நீலம் இருந்தது.

அந்த வாரம் அப்பாவுக்கு ஒரு முகூர்த்தப் புடவை வந்தது. சேத்துப்பட்டுப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். பெண்வீட்டார் முதலாளியிடம் நேரில் வந்து அரக்கு உடல்தான் வேண்டும் என்று சொல்லி, முதலாளி அப்பாவையும் கூப்பிட்டு வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதற்குச் சீட்டு அடித்தவள் நான்.

எங்கள் வீட்டில் தறி இருக்கிற அறையில் பகலிலேயே இருட்டு. அந்த இருட்டில் எனக்கு எல்லாக் கலரும் ஒரே கலர். காலையில் வேலைக்குப் போகும் முன் அப்பாவுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது என் வழக்கம். அந்தப் புடவைக்கும் நான்தான் சுற்றினேன். பட்டு விரலில் வழுக்கிக்கொண்டு போகும்போது, அரக்குப் புடவையில் அந்தப் பெண் எப்படி இருப்பாள் என்றுகூட நினைத்தேன்.

நெய்த புடவையை அப்பா கொண்டுபோய்ப் போட்ட அன்று உச்சிவேளையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வெள்ளை விரிப்புப் போட்ட முன்கூடம். அப்பா ஓரமாக நின்றுகொண்டிருந்தார் என்பது அவர் தொண்டையைச் செருமியதில் தெரிந்தது.

"நான் வாயால சொன்னேனே, உன் காதுல விழலியா?" என்று முதலாளி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"விழுந்துதுங்க. சாயக்காரரும் கேட்டாரு, முகூர்த்தத்துக்கு இந்தக் கலரான்னு. கம்ப்யூட்டர்ல அப்படித்தான் வந்துகீதுன்னு சொன்னேங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எம் பொண்ணு அடிச்சதுங்க. தப்பா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு எதுவும் புரியவில்லை. முதலாளி புடவையைப் பிரித்து என் முன்னால் விரித்தார்.

"இது இன்னா கலர்மா?"

"அரக்குங்க" என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன். நானே சுற்றிய நூல் அல்லவா.

கணக்குப்பிள்ளையின் பேனா நின்றுவிட்டது. முதலாளி ரொம்ப மெதுவாக, "நல்லாப் பாத்துச் சொல்லும்மா" என்றார். அந்த மெதுவில்தான் எனக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. குனிந்தேன். விரலால் தடவினேன். தடவியிருக்கக் கூடாது.

"வெளிச்சம் சரியில்லைங்க மொதலாளி" என்றார் அப்பா.

மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வாசல் வழியாக வெயில் விரிப்பு வரைக்கும் வந்து என் காலில் சுட்டது. "வெளிச்சம்தாங்க சரியில்ல" என்று அப்பா மறுபடியும் சொன்னார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், ஆறியிருக்கும். "பட்டு யாவாரம்மா இது. கலர் தெரியாத ஆள வெச்சிகினு நான் இன்னா பண்றது, நீயே சொல்லு" என்றார். புதுக் கலர் ஏறியதிலிருந்து நான் அடித்த மற்றச் சீட்டுகளைத் திருப்பி வாங்க ஆள் அனுப்பினார்கள். கல்யாணப் பெண்ணுக்கு இருப்பிலிருந்த வேறொரு அரக்குப் புடவை போனது.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பா என் கையைப் பிடித்தார். பட்டப்பகலில், பஜாரில், கல்யாண வயதுப் பெண்ணை. உதறினேன். மறுபடி பிடித்தார். "ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டார். கீரை வாங்கிக்கொண்டு வந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அழுதுகொண்டே நடந்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சமைக்கவே இல்லை.

மீதி வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் இருந்தேன். தார் சுற்றினேன். ஒவ்வொரு நூலையும் கையில் கொடுக்கும்போது அப்பா கலரைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். நடுவில் இருந்த பார்வையும் சொல்லிக்கொள்ளாமல் போனது. அறையில் விளக்கைப் போடவில்லையா என்று ஒரு நாள் அப்பாவிடம் கேட்டேன், அது எரிந்துகொண்டிருந்ததாம்.

பார்வையில்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று ரேடியோவில் கேட்டு, அப்பாதான் என்னைச் சென்னைக்குக் கூட்டிப்போய் விடுதியில் சேர்த்தார். திரையில் இருப்பதை அங்கே கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படித்தது. வெள்ளைக்காரன் ஒருவன் சளி பிடித்த மூக்கோடு இங்கிலீஷ் பேசுவது போல இருந்தது. பழகிக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது.

முதல் வாரம் டீச்சர் சொன்னார்: "கொஞ்சம் பார்வை இருக்கறவங்களுக்கு முதல்ல இது. எல்லாருமே அழுத்திப் பாருங்க. இடது பக்கம் ஆல்ட், இடது பக்கம் ஷிஃப்ட், மேல பிரிண்ட் ஸ்க்ரீன். மூணும் சேத்து. கேள்வி கேக்கும், என்டர் தட்டுங்க."

தட்டினேன். இடங்கள் எனக்குத் தெரியாதவையா என்ன. என் விரலுக்கு அடியிலேயே இருந்தவை.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த பெண் கத்திவிட்டாள். "மிஸ், கறுப்பாயிடுச்சு! எல்லாம் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளையா, இத்தாம் பெருசா! மிஸ், எனக்குத் தெரியுது!"

"விண்டோஸ்ல எப்பவுமே இருக்கறதுதான்மா" என்றார் டீச்சர். "யாரும் சொல்றதில்ல."

நான் திரைக்கு முகத்தை நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் கம்ப்யூட்டரும் கறுப்பாகியிருக்கும். எழுத்தும் வெள்ளையாக நின்றிருக்கும்.

சனிக்கிழமை அப்பா வந்து ஊருக்கு அழைத்துப்போனார். பஸ் காஞ்சிபுரம் தாண்டிய பிறகு, "இன்னா சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"திரையைக் கறுப்பாக்கறது. கறுப்பாக்கினா கண்ணு கூசாதாம். எழுத்து நல்லாத் தெரியுமாம்."

"அந்த மொதலாளிகிட்ட இருந்துச்சே, அந்தக் கம்ப்யூட்டர்லயும் பண்ணலாமா?"

"பண்ணலாம்பா."

தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நான் அன்னிக்கே சொன்னேனேம்மா, வெளிச்சம்தான் சரியில்லன்னு" என்றார்.