கூரையில் ஏறியவருக்கு நான் சொன்ன ‘ஹரி’

எங்கள் வீட்டில் ஒரு சத்தம் எப்போதும் இருக்கும். படுக்கையறை மூலையில் நிற்கும் ஒட்சிசன் மெஷின் போடும் சத்தம். வந்து போகிறவர்களுக்கு அது எரிச்சல். எனக்கோ அது நின்றால்தான் பயம். என் கணவரின் நுரையீரல் பழுதான பிறகு அந்த மெஷினும் மூக்கில் மாட்டும் குழாயும்தான் அவரை உயிரோடு வைத்திருக்கின்றன. மெஷின் கரண்டில் ஓடுவது. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் எங்கள் லேனில் மழை பலத்தால் கரண்ட் போகும். மழை இல்லாவிட்டாலும் போகும்.

அப்படிப் போனால் கொடுக்க ஒரு சின்னச் சிலிண்டர் வைத்திருக்கிறோம். கரண்ட் வருவதற்கு முன் அது முடிந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் நினைக்காத நாள் இல்லை. குளிக்கப் போனாலும் கதவைப் பூட்டாமல், காதை வெளியே வைத்துவிட்டுத்தான் குளிப்பேன்.

அதனால்தான் சோலர் போட முடிவெடுத்தேன். வெயில் மேலே இருக்கிறது, தகடு கூரையில் இருக்கும், மெஷின் கீழே ஓடும். பிறகு தெருக் கம்பிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? கரண்ட் போனால் பகலுக்குச் சூரியன், இரவுக்குச் சிலிண்டர் என்று பிரித்துவிட்டேன். பம்பலப்பிட்டியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். என் கணக்குப் பிழைக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சோலர் போட வந்தவர் ஒரு சிங்களவர். நாற்பது வயது மட்டில் இருக்கும். பக்கத்து லேனில் ஒரு வீட்டுக்குப் போட்டவர், நல்ல வேலைக்காரர் என்று கேள்விப்பட்டுத்தான் கூப்பிட்டேன். ஆனால் முதல் நாள் அவர் ஏணி வைத்து ஏறி, வீட்டை நாலு பக்கமும் போனில் படம் எடுக்கத் தொடங்கியதும் நான் ஜன்னல் திரைகளை இழுத்து மூடினேன். படம் எடுக்காமல் அந்த மனிதர் எப்படி அளவு பார்ப்பார் என்று புத்தி சொன்னது. பயம் கேட்கவில்லை. இறங்கி வந்து விசாரித்தார். வீட்டில் எத்தனை பேர், பகலில் யார் இருப்பார்கள், என்னென்ன ஓடுகிறது.

இந்தக் கேள்விகள் எனக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் ஆமியும் பொலிசும் கதவைத் தட்டி, டோர்ச் அடித்து, எத்தனை பேர், எங்கேயிருந்து வந்தவர்கள், ஏன் வந்தார்கள் என்று கேட்பார்கள். கொழும்பில் எங்கள் தமிழ் ஆட்கள் அப்போது பழகிய பாடம் இது: குறைவாகச் சொல், அவர்கள் எதைச் சொன்னாலும் ‘ஹரி, மாத்தயா’ என்று சொல். சரி ஐயா என்றால் அந்த அளவில் விட்டுவிட்டுப் போவார்கள். விளங்கவில்லை என்று சொல்லி மாட்டிக்கொள்ள யாருக்குத் துணிவு இருந்தது? எனக்கு மீன் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம். மற்றதெல்லாம் கதைப்பது என் கணவர். வேலை செய்த கந்தோரில் சிங்களவர்களோடு பகிடி விட்டுப் பழகியவர். இப்போது இரண்டு வசனம் சேர்த்துச் சொன்னால் அவருக்கு மூச்சு வாங்குகிறது.

ஆகவே நான்தான் பதில் சொன்னேன். ஃபிரிட்ஜ், ஃபேன், டிவி. வீட்டில் ஒரு நோயாளியும் ஒரு கிழவியும் மட்டும்தான் என்று முன்பின் தெரியாத ஆளுக்கு ஏன் சொல்ல வேண்டும்? மெஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை. படுக்கையறைக் கதவையும் இறுக்கச் சாத்திவிட்டேன். அவர் மெயின் சுவிட்சுக்கு முன்னால் நின்று, தெருக் கம்பியைக் காட்டி, கூரையைக் காட்டி, நிறையக் கதைத்தார். பற்றரி என்ற சொல் இடையில் வந்து போனது. நான் தலையை ஆட்டி, “ஹரி, மாத்தயா” என்றேன். என் பழைய மாணவர்களின் வயதுக்காரர். அவருக்கு நான் மாத்தயா போட்டேன்.

அவர் போனதும் கணவர் கேட்டார்.

“என்னவாம்?”

“எல்லாம் சரியாம்.”

“நான் ஒருக்காக் கதைச்சுப் பாக்கட்டோ?”

“நீங்கள் பேசாமப் படுங்கோ. பிறகு மூச்சு வாங்குது எண்டு என்னைப் படுத்தாதேங்கோ.”

“ஹரி, நோனா” என்று சிங்களத்தில் துரைசாணிக்குச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது.

வேலை நடந்த நாள் நெருப்பு வெயில். தகடுகள் கூரைக்கு ஏறின. வராந்தாச் சுவரில் ஒரு பெட்டி பூட்டினார்கள். மத்தியானம் அதில் பச்சை விளக்கு எரிந்தது. மெயினை ஒரு தரம் நிறுத்திக் காட்டட்டுமா அன்ரி என்று அவர் சிங்களத்தில் கேட்டார். அது எனக்கு நன்றாக விளங்கியது. நிறுத்தட்டும், இனி அந்தத் தெருக் கம்பி யாருக்கு வேண்டும் என்று நினைத்தேன்.

“ஹரி, மாத்தயா.”

சுவிட்சைக் கீழே தட்டினார். ஃபேன் தளர்ந்து நின்றது. பச்சை விளக்கு சிவப்பானது. சாத்திய கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தமும் நின்றது. பிறகு மெஷின் கீச்சென்று கத்தத் தொடங்கியது.

நான் எப்படி உள்ளே ஓடினேன் என்று தெரியாது. கணவர் எழும்பி உட்கார்ந்து, கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறக்கப் பார்த்தேன். கை வியர்த்து வழுக்கியது. எந்தப் பக்கம் திருகுவது என்பதே மறந்துபோனது. பயத்தோடுதான் இத்தனை காலம் சீவித்தேன் என்று நினைத்திருந்தேன். அன்று வந்த பயத்துக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை. கூப்பிட வேண்டும், ஆனால் சிங்களத்தில் ஒரு சொல்கூட வரவில்லை. தமிழில்தான் கத்தினேன்.

“கரண்டைப் போடுங்கோ. ஐயோ, கரண்டைப் போடுங்கோ.”

என் தமிழ் விளங்கியதோ, மெஷின் கத்தியது விளங்கியதோ, அவர் போட்டார். மெஷின் பழைய சத்தத்துக்குத் திரும்பியது. கணவரின் உதட்டில் நிறம் வரும்வரை நான் அவருடைய தோளை விடவில்லை.

திரும்பிப் பார்த்தபோது சோலர்காரர் அறை வாசலில் நின்றார். குழாயைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை அன்ரி என்று கேட்டார். தெருவில் கரண்ட் போனால் சோலரும் நின்றுவிடும் என்று அன்றைக்கே சொன்னேனே, நீங்கள் ஹரி என்றீர்களே என்றார். பிறகு காரணத்தை விளக்கத் தொடங்கினார். பதற்றத்தில் முன்னையைவிட வேகமாகக் கதைத்தார். கம்பி, லைன் ஆட்கள், பற்றரி என்று ஒவ்வொரு சொல்லாகக் காதில் விழுந்தது. முடித்துவிட்டு, விளங்கியதா என்று கேட்டார்.

ஹரி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கணவர் எனக்காகக் கதைக்க வாயைத் திறந்தார். நான் கையை உயர்த்தி அவரை மறித்தேன்.

“மல்லி, மட்ட தேருணே நே.”

தம்பி, எனக்கு விளங்கவில்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் அந்த வசனத்தை நான் ஒரு சிங்களவரிடமும் சொன்னதில்லை. சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவர் நிலத்தில் விரலால் கோடு போட்டார். இது தெருக் கம்பி. கரண்ட் போனால் இதில் ஏறி ஒரு மனிதன் வேலை செய்வான். உங்கள் கூரைக் கரண்ட் இதற்குள் போனால் அவன் செத்துவிடுவான். அதனால்தான் பெட்டி தானாக நிற்கிறது. கம்பியைப் பிரித்துவிட்டு மெஷினை ஓட்ட வேண்டுமென்றால் வேறு பெட்டியும் பற்றரியும் பூட்ட வேண்டும். பூட்டலாம், நான் செய்து தருகிறேன். இப்போது விளங்கியதா அன்ரி?

பெரும்பாலும் விளங்கியிருந்தது. மெஷினைப் பார்த்தேன். கணவரைப் பார்த்தேன்.

“இல்லை மல்லி” என்றேன் சிங்களத்தில். “இன்னொரு தரம் சொல்லுங்கள்.”