கடல் பார்த்த சுவரில் மிதவைகள்

வெர்னா பிறந்து வளர்ந்தது உள்நாட்டில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே. மெர்ல் என்கிற சிங்கி இறால்காரனைக் கட்டிக்கொண்டு ஸ்பூனர் துறைக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் துறைக்காரர்களுக்கு அவள் இன்னமும் வெளியூர்க்காரிதான். இங்கே பிறக்காதவர்களை நூறு வயதானாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் அதற்காக வருத்தப்பட்டதில்லை. வெளியூர்க்காரியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. கடலோரத்தில் பிறந்தவன் குப்பை என்று காலால் ஒதுக்குவதெல்லாம் அவள் கண்ணுக்கு அழகாகப்பட்டது.

இற்றுப்போன படகுக் கயிற்றை எடுத்துவந்து பாத்திகளுக்குக் கரை கட்டினாள். கிழிந்த வலையை வேலியில் விரித்துப் பட்டாணிப்பூக் கொடியை ஏற்றிவிட்டாள். வாசலிலிருந்து கேட் வரை சிப்பி ஓடு பரப்பிப் பாதை போட்டாள். முதல் வருஷம் அந்த ஓடுகளை, ஒட்டியிருக்கும் சதையும் நாற்றமும் போக, ஒரு குளிர்காலம் மழையிலும் பனியிலும் போட்டுவைக்க வேண்டும் என்று தெரியாமல் அப்படியே பரப்பிவிட்டாள். ஊரில் உள்ள கடற்காக்கை எல்லாம் வாசலில் பந்தியில் உட்கார்ந்துவிட்டன. பக்கத்து வீட்டு ஐடெல்லா அந்தக் கோடை முழுக்க ஜன்னலையும் திறக்கவில்லை, இவளிடம் வாயையும் திறக்கவில்லை.

இலையுதிர் காலப் புயல் ஓய்ந்ததும் கரையில் ஒதுங்கும் பாசியைத் தள்ளுவண்டியில் அள்ளி வந்து பாத்திகளில் போர்த்துவாள். அடுத்த கோடையில் டேலியா ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூக்கும். ஓட்டை விழுந்த சின்னப் படகு ஒன்று கேட் ஓரத்தில் மண்ணைச் சுமந்துகொண்டு சிவப்பு ஜெரேனியப் பூக்களோடு நிற்கிறது. கோடைக்கு வந்து போகிற பணக்காரர்கள் காரை நிறுத்தி அதைப் படம் எடுத்துக்கொள்வார்கள். படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் கதவுக்கும் நாற்காலிக்கும் தபால் பெட்டிக்கும் போகும்.

"வீட்ல ஒரு எடத்துல சும்மா நிக்கப் பயமா இருக்கு. எனக்கும் ரெண்டு கோட் அடிச்சிருவா" என்று மெர்ல் துறையில் சொல்லிச் சிரிப்பான். ஆனால் கெட்டுப்போன கயிறு, உடைந்த துடுப்பு எது கிடைத்தாலும் தூக்கிப் போடாமல் அவளுக்கென்று வண்டியில் போட்டுக்கொண்டு வருகிறவனும் அவன்தான்.

சமையலறை ஜன்னலுக்கு மட்டும் அவள் திரை போட்டதே இல்லை. கேட்பவர்களிடம், வெளிச்சம் வேணும் என்று சொல்வாள். உண்மை அதுவல்ல. அங்கே நின்றால் துறைமுகத்தின் வாய் தெரியும். படகு அதற்குள் நுழைகிறவரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அலையைப் பார்த்து வளராதவளுக்குக் கடல் என்றால் கடைசிவரை பயம்தான். அதை அவள் மெர்லிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

இந்த ஜூனில் மெர்லுக்கு நெஞ்சு வலி வந்து, நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நடந்தது. சிங்கி இறால் பிடிக்கக் கடலில் போட்டிருந்த அவனுடைய கூண்டுகளை, முறைப்படி அனுமதி வாங்கி, துறைக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் இழுத்துக் கொடுத்தார்கள். டாக்டர் வந்து நின்றபோதெல்லாம் மெர்ல் கேட்டது ஒரே கேள்வி, எப்போது கடலுக்குப் போகலாம் என்பதுதான். கோடை முடியட்டும், கூட ஒரு ஆளை வைத்துக்கொண்டு போகலாம் என்றார் டாக்டர். அன்றைக்குத்தான் அவன் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டான்.

அவனை அவனுடைய அக்கா காரில் அழைத்துவருவதாக ஏற்பாடு. வெர்னா வீட்டைச் சரிபண்ண முன்னாலேயே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி வெள்ளைச் சுவரையே பார்த்துச் சலித்தவன் கண்ணுக்கு ஏதாவது நிறமாக வேண்டும் என்று தோன்றியது. கடலைப் பார்த்த பக்கத்துச் சுவர் இத்தனை வருஷமாக மொட்டையாகவே கிடந்தது. கொட்டகையில் மெர்லின் உபரி மிதவைகள் இருந்தன. ஆரஞ்சு உடம்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. கூண்டுக் கயிற்றின் நுனியில் கட்டி மேலே மிதக்கவிடுவது; துறையில் ஒவ்வொருவன் மிதவைக்கும் ஒரு நிறம், எந்தக் கூண்டு யாருடையது என்று தூரத்திலேயே தெரிவதற்காக. அவற்றைக் கழுவித் துடைத்து, நிறம் மங்கிய இடத்தில் பெயிண்ட் தொட்டு, மூன்று வரிசையாக ஆணியில் மாட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். அவளுக்கே கண் நிறைந்தது.

அன்று மத்தியானம் ஐடெல்லா ஒரு சட்டி பீன்ஸோடு வந்தாள்.

"மெர்ல் நல்லா வாழ்ந்துட்டான் கடல்ல. போதும்டி. இனிமே நீயாவது நிம்மதியாத் தூங்கு" என்று கட்டிக்கொண்டாள். அவள் போனதும் இன்னொரு வீட்டிலிருந்து புளூபெரிப் பழம் வைத்துச் சுட்ட பை வந்தது. அதற்குப் பின்னால் மீன் சூப் வந்தது. ஆபரேஷன் முடிந்து வருகிறவனுக்கு இவ்வளவு அன்பா என்று வெர்னா உருகிப்போனாள்.

மறுநாள் காலையில் பிக்கப் வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. வண்டி நிறைய மெர்லின் கூண்டுகள். கழுவி, கயிறு சுருட்டி, கடலிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். கால்வின் முன்னால் நின்று இறக்கினான். மெர்லுக்கு அடுத்த நீரில் கூண்டு போடுகிறவன் அவன். அடுக்கி முடித்தபோது டேலியா பாத்தி பாதி காணாமல் போயிருந்தது.

"கால்வின், என்ன பண்றீங்க? சீசன் நடக்கறப்ப எதுக்குக் கரையேத்தினீங்க?"

"நீதான் சொல்லிட்டியே."

"நான் எப்பச் சொன்னேன்?"

அவன் மோவாயால் சுவரைக் காட்டினான். "கடல் பக்கத்துச் சொவத்துல மிதவ ஏறிருச்சுன்னா அந்த ஆளு கடல விட்டுட்டான்னு அர்த்தம். எங்கப்பா வீட்லயும் அப்பிடித்தான். இத்தன வருஷம் இருக்க, உனக்குத் தெரியாதா?"

"நான் அங்கங்க வீட்ல மாட்டியிருக்கறதெல்லாம் அழகுக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் வெர்னா.

மற்றவர்கள் எல்லாரும் தங்கள் பூட்ஸை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்கள். சிரிப்பை அடக்கத் துறைக்காரனுக்கு வேறு இடம் தெரியாது. கால்வின் மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போனான்.

"தெரியாம மாட்டினதுன்னா சொல்லு, திரும்பப் போட்டுர்றோம். இல்ல, இப்படியே இருக்கட்டும்னாலும் சரி. மெர்ல் வந்து பாத்தா வாயத் தொறக்க மாட்டான், தொறையே முடிவு பண்ணிருச்சுன்னு ஒத்துக்குவான். உன்ன யாரும் ஒரு வார்த்த கேக்க மாட்டோம், தாயி. ஆனா சீக்கிரம் சொல்லணும். கடல்ல அவன் எடம் காலியாக் கெடந்தா அதுல வேற எவனாவது கூண்டு போட்ருவான். அப்புறம் எடுக்கச் சொல்ல முடியாது."

வண்டிகள் போய்விட்டன. வெர்னா மிச்சமிருந்த பாத்தியில் உட்கார்ந்து களை பிடுங்கினாள். பிடுங்கியதில் பாதி களையே இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஜன்னலுக்குத் திரை போடலாம். மூடுபனி நாளில் வேளைக்குச் சாப்பிடலாம். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவளே தெரியாமல் செய்தது, ஊரே நல்லெண்ணத்தில் முடித்துவைத்தது. முப்பது வருஷமாக அவள் கேட்காமல் கேட்டதைக் கொண்டுவந்து வாசலில் அடுக்கிவைத்த மாதிரி இருந்தது. அவளுக்கு ஆசையாக இருந்தது. அதில் மறைக்க என்ன இருக்கிறது?

பிறகு, டாக்டர் போகலாம் என்று சொன்ன அன்று அவன் தட்டை வழித்துச் சாப்பிட்டது கண் முன்னால் வந்தது. எழுந்து போய்ச் சுத்தியலை எடுத்தாள்.

கடைசி வரிசையை இறக்கிக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது. மெர்ல் மெதுவாக இறங்கினான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று தொங்கியது. முற்றத்துக் கூண்டுகளைப் பார்த்தான். முகம் வெளிறியது. பிறகு சுவரைப் பார்த்தான். வெறும் ஆணிகள், அவற்றுக்குக் கீழே மிதவையும் கையுமாக வெர்னா.

"நீதான் மாட்டினியா?"

"ஆமா. அழகுக்கு. அர்த்தம் தெரியாம."

"எறக்கறது?"

"அர்த்தம் தெரிஞ்சு."

அவன் ஒரு கூண்டின் மேல் உட்கார்ந்துவிட்டான். 

"ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே நெனச்சேன். நான் வர்றதுக்குள்ள இவ எல்லாத்தையும் கரையேத்தச் சொல்லியிருப்பான்னு. சொல்லியிருந்தாலும் ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருக்க மாட்டேன், வெர்னா. அந்த ஜன்னல்ல நீ நிக்கறது படகுல இருந்து தெரியும். தெனமும் பாத்துட்டுத்தான் உள்ள வருவேன்."

இத்தனை வருஷம் தான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்தவளுக்கு அழுகை வந்தது. ஏப்ரனில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆரஞ்சு பெயிண்ட் மூக்கில் ஒட்டியது.

"உனக்கு எப்பிடி நன்றி சொல்றதுன்னு தெரியல" என்றான் மெர்ல்.

"ஒண்ணும் சொல்ல வேணாம். உன் கூண்டு என் டேலியா மேல நிக்குது. மொதல்ல அத எடுக்கச் சொல்லு."

தேநீர்க் கெட்டிலைக்கூடத் தூக்கக் கூடாதவன் கால்வினுக்குப் போன் போட்டான். சாயங்காலம் வண்டிகள் திரும்ப வந்தன. ஐடெல்லாவின் பீன்ஸ் எல்லார் தட்டிலும் போயிற்று. மெர்ல் கடலை விட்டதற்குத் துக்கம் கேட்கக் கொண்டுவந்த பீன்ஸ் என்றாலும் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டிருக்கக் கூடாதா என்று கால்வின் ஐடெல்லாவைச் சீண்டினான். கூண்டுகள் ஏறியதும் வண்டிகள் ஒவ்வொன்றாகத் துறையை நோக்கி இறங்கின. மெர்ல் வெர்னாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகும் விடவில்லை.