லாம் வீட்டு ஊதுபத்தி

எட்மண்டன் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவருக்குச் செபமாலைமுத்தரைத் தெரியாதென்றால், அவர் பூசைக்கே போவதில்லை என்று அர்த்தம். பாசையூரில் பிறந்து, அகதியாக வந்து, பெற்றோல் ஸ்டேசனில் கால்கடுக்க நின்று, பிறகு பஸ் ஓட்டி ஓய்வெடுத்த மனிதர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு உலகத்தில் இரண்டே பிடிப்பு. ஒன்று கோயிலிலும் செத்த வீடுகளிலும் செபம் சொல்லிக்கொடுக்கும் மூப்பர் வேலை, மற்றது மகள் றூபினி.

அவள் சீனப் பெடியனைக் கட்டப்போகிறேன் என்றபோதுகூட மனுசன் மூச்சுக் காட்டவில்லை. கெல்வின் லாமின் பெற்றோர் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர்கள், பரம்பரைக் கத்தோலிக்கர். பெடியன் ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவன். வேறென்ன வேண்டும்? உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த்தான் இருந்தார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கையில்தான் வினை வந்தது. கலியாணத்தன்று காலை மாப்பிள்ளை வீட்டில், இறந்துபோன முன்னோரின் படங்களுக்கு முன்னால் ஊதுபத்தி பிடித்துக் குனிந்து வணங்க வேண்டுமாம். றூபினி சொல்லி முடிக்கவில்லை, மனுசன் கொதித்துவிட்டார்.

"செத்த ஆக்களுக்குப் பத்தி கொளுத்திக் கும்பிடுறது விக்கிரக ஆராதனை. நீ அங்க குனிஞ்சால் நான் உன்னைப் பீடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

"அது மரியாதையப்பா. முந்திப் பாப்பரசர்மார் தடுத்து வச்சவைதான். முப்பத்தொன்பதாம் ஆண்டில ரோமாபுரியே ஓம் எண்டிட்டுது. ஃபாதரிட்டக் கேளுங்கோவன்."

கேட்டார். ஃபாதரும் ஓம் என்றார். ஃபாதர் நேற்றுவந்த பெடியன், அவருக்கு என்ன தெரியும் என்று புறுபுறுத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

றூபினி அழவில்லை. "மாமிக்கு வாக்குக் குடுத்திட்டன். நீங்கள் வராட்டில் தனிய நடப்பன்" என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை, வேறு எப்படிப் பேசுவாள்.

மறுநாள் கெல்வினின் தாய் ஒரு பெட்டி தோடம்பழத்துடன் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். சுற்றி வளைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார்.

"மிஸ்டர் முத்து, என் பூட்டன் ஞானஸ்நானம் பெற்றபோது முன்னோரின் பெயர் எழுதி வீட்டில் வைத்து வணங்கிவந்த பலகைகளை எடுத்துப்போடும்படி குருமார் சொன்னார்கள். போட்டார். பெற்ற தாய் இறந்தபோது பத்தி பிடிக்கமாட்டேன் என்றார். சொந்தக்காரர் அவரை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். தாயின் முகத்தையே பார்க்கவில்லை. திருச்சபை அனுமதித்த பிறகுதான் என் தாத்தா, இறந்துபோன தன் தகப்பனாரான அவருக்கு ஒரு பத்தி கொளுத்தினார். வேதத்துக்காகப் பூட்டன் வெளியே நின்றார். நீங்களுமா வெளியே நிற்கப்போகிறீர்கள்?"

செபமாலைமுத்தர் தோடம்பழப் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

கலியாண நாள் காலை, சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்ற முகத்தோடு லாம் வீட்டுக்குப் போய்க் கதவோரம் நின்றார். சுவரில் சிலுவையில் அறைந்தபடி பெரிய பாடுபட்ட சுரூபம். அதன் கீழே படங்கள், நடுவில் பூட்டன். சிவப்புச் சட்டையில் றூபினி கெல்வினோடு சேர்ந்து குனிந்தாள். தாயின் முகம் பார்க்காத அந்த மனிதரின் படத்தைச் செபமாலைமுத்தர் கண்வெட்டாமல் பார்த்தார். ஐயோ பாவம் என்று மனம் உருகிவிட்டது. நேரே போய் ஒரு பத்தியைக் கையில் எடுத்தார்.

குனிந்து நிமிர்ந்தவர் சும்மா இருந்தாரா? எத்தனை செத்த வீடு கண்ட வாய். தன்பாட்டில் நெற்றியில் சிலுவை போட்டு, "நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்குத் தந்தருளும் சுவாமி" என்று செத்தவர்களுக்கான செபத்தை இழுத்துத் தொடங்கி, ஆட்கள் வழக்கமான பதிலைச் சொல்வதற்காக நிறுத்தினார்.

அந்த வீட்டில் யாருக்குத் தமிழ் தெரியும்? றூபினி வாயெடுக்கும் முன்னர் கெல்வினின் தாய், இழுத்த இழுவையிலேயே அது என்ன செபமென்று பிடித்துக்கொண்டு, தன் மொழியில் பதில் சொன்னார். அடுத்த தரத்துக்கு வீடு முழுவதும் சேர்ந்துகொண்டது. செபமாலைமுத்தருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அது அந்தப் பதில்தான் என்பதில் சந்தேகமே இல்லை. கண் கலங்க, முகமெல்லாம் சிரிப்பாக, வழக்கமான மூன்று தரமும் சொல்லி முடித்தார்.

பிறகு மகளிடம் கையை நீட்டினார். "வா பிள்ளை, கோயிலுக்கு நேரமாச்சு."