ஆஷிட்டேயும் போர்ட்டேயும் மோதிய ஞாயிறு

கானா நாட்டின் கடலோரக் குத்துச்சண்டைப் பேட்டையான புக்கோமில் பிறக்கிற பிள்ளை முதலில் தவழும், அப்புறம் குத்தும், அதன் பிறகுதான் நடக்கும் என்பார்கள். ஆயிகாய்க்கு அந்த நடுப்படி மட்டும் வாய்க்கவில்லை. பதினோரு வயதில் அப்பா அவனை ரிங்கில் ஏற்றிவிட்டார். நாற்பது விநாடியில் முன்பல் போனது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தூரிகையைப் பிடித்தவன், முப்பத்தெட்டு வயதில் அக்ரா நகரத்துக் குத்துச்சண்டைகளில் பாதிக்கு விளம்பரம் வரைகிறவனாக இருந்தான். கையால் குத்த முடியாததை எல்லாம் வாயால் குத்தினான்.

அதை வாங்கிக்கொள்ள அவனுக்கு வாய்த்தவன் பக்கத்துக் கடைத் தையல்காரன் லாந்தே. காலையில் புளித்த சோள மாவில் அவித்த கெங்கே உருண்டையைப் பிரித்து மீனைத் தொட்டதுமே இருவருக்கும் ஆரம்பித்துவிடும். ஆயிகாய்க்கு ஆஷிட்டேதான் தெய்வம். முப்பது வருஷத்துக்கு முந்தைய சாம்பியன், இறந்தும் பத்து வருஷம் ஆகிவிட்டது. லாந்தேவுக்கு இன்றைய சாம்பியன் போர்ட்டே. இருபத்து நான்கு வயது.

“ஆஷிட்டே அண்ணனோட இடது கை ஒண்ணு போதும்டா. உன் போர்ட்டே அம்மாவைத் தேடி ஓடுவான்.”

“அந்தக் காலத்துல எல்லாரும் ராத்திரி பூரா வலை இழுத்துட்டு வந்து ரிங்ல ஏறுனவங்க. தூங்குறவனைத் தட்டிப் பேர் வாங்குனாரு உங்க அண்ணன். போர்ட்டே காலைப் பார்த்திருக்கியா? ஈ உட்காராது!”

“ஈ உட்காராம இருக்க ஆடணும்னு இல்ல, குளிச்சாலே போதும்.”

“வாய் கிழியுதே, எழுதிப் போடேன் பார்ப்போம்!”

எழுதிப் போட்டான். ஆள் உயரப் பலகையில் இரண்டு சாம்பியன்களும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ‘ஞாயிறு மாலை நான்கு மணி, புக்கோம் திடல். ஆஷிட்டே – போர்ட்டே. பன்னிரண்டு ரவுண்டு.’ அடியில் சின்ன எழுத்தில், ‘ஒருவர் காலமாகிவிட்டபடியால் சற்றுத் தாமதம் நேரலாம்.’

பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள் என்றுதான் நினைத்தான். ஞாயிறு மூன்றரை மணிக்குத் திடலில் முந்நூறு பேர், ஆளுக்கொரு முக்காலியோடு. யாரோ நாலு கழி நட்டுப் படகுக் கயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். லாந்தே இஸ்திரி போட்ட சட்டையில் முதல் வரிசையில் இருந்தான்.

“சண்டை எங்கேப்பா?” என்று கூட்டம் கத்தியது.

ஆயிகாய் திரும்பிப் பார்த்தான், பின்னாலும் முக்காலிகள். ஓடவும் வழியில்லை. ஒரு தகர டிரம்மின் மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

“மணி அடிச்சாச்சு! ஆஷிட்டே வர்றாரு… இடது! இன்னொரு இடது! போர்ட்டே கயித்துல சாயுறான்…”

“நான் எப்படா சாஞ்சேன்?”

கூட்டம் விலகியது. போர்ட்டேயே நின்றிருந்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கயிற்றைத் தாண்டினான். “இடது வந்தா இப்படிக் குனிவேன். இப்படித் திருப்புவேன். நீ பார்த்ததைச் சொல்லு, வாய்க்கு வந்ததைச் சொல்லாதே!”

காற்றோடு ஆட ஆரம்பித்தான். ஆயிகாய் பார்த்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று. நாலு ரவுண்டு சொன்னான். அந்தக் கால்களை இவ்வளவு கிட்டத்தில் அவன் பார்த்ததே இல்லை. சொல்லச் சொல்ல உடம்பு சிலிர்த்தது. தன் வாயே தன் கட்சியை விட்டு ஓடுவதைத் திகிலோடு கேட்டுக்கொண்டிருந்தான்.

“நிறுத்துங்கடா!” என்று ஒரு குரல் அதட்டியது. ஆஷிட்டேயின் தங்கை டெடே. மீன் பாத்திரத்தைக் கயிற்றோரம் இறக்கிவைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். “சின்ன வயசுல தலையணையைப் பிடிச்சுக்கிட்டு தினம் அவன்கிட்ட அடி வாங்குனவ நான். என் அண்ணன் இடது கையை விட்டா அது பொய்டா. வலது தோள் இறங்கும், அதைத்தான் பார்க்கணும். வா தம்பி, காட்டுறேன்.”

“அக்கா, உங்களை எப்படி…”

“நான் அடிக்கப் போறதில்ல. என் அண்ணன் அடிப்பான்.”

அவள் இடது கையை வீசினாள். போர்ட்டே அழகாகக் குனிந்தான். அவள் வலது தோள் இறங்கியது. “இப்ப!” என்று அவள் கத்திய கத்தலில் அவன் துள்ளிப் பின்வாங்கினான், கயிறு இடறியது, அப்படியே மல்லாக்க மீன் பாத்திரத்துக்குள் விழுந்தான். டெடேயின் விரல் கூட அவன் மேல் படவில்லை.

முந்நூறு பேரும் எண்ணினார்கள். ஒன்பதில் எழுந்தான், முதுகெல்லாம் செதில் மின்ன, சிரிப்பை அடக்க முடியாமல்.

“தீர்ப்பு! தீர்ப்பு!”

ஆயிகாய் ஆஷிட்டே பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தான். அந்தக் கால்கள் கண்ணுக்குள் ஆடின. “புள்ளிக் கணக்குல… போர்ட்டே!”

முதலில் துள்ளி எழுந்தவன், அந்த வலது தோள் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்ட லாந்தே. “அநியாயம்! ஒன்பது எண்ணுற வரைக்கும் மீனோட கிடந்தவன் எப்படிடா ஜெயிப்பான்? ஆஷிட்டே அண்ணனை ஏமாத்திட்டான்யா!”

டெடே நசுங்கிய மீன் ஒன்றை ஆயிகாய் மேல் எறிந்தாள். அடுத்தது எங்கிருந்து வந்ததோ. சிரிப்பும் கூச்சலுமாகக் கூட்டம் அவனை டிரம்மிலிருந்து தூக்கிப்போய்க் கடலில் போட்டது. இடுப்பளவு தண்ணீரில் லாந்தேயும் இறங்கி நின்று, ஆஷிட்டேயின் வலது தோளைப் பற்றி அவனுக்குப் பாடம் நடத்தினான்.

மறுநாளிலிருந்து இருவரும் அதே கெங்கேயைத் தின்றுகொண்டு கட்சி மாறிச் சண்டை போட்டார்கள். போர்ட்டே வேறொன்று செய்தான். டெடேயின் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, தலையணை பிடிக்க வருவீர்களா என்று கேட்டான். மீன் விற்று முடிந்ததும் அவள் போக ஆரம்பித்தாள். முதல் வாரம் முழுக்க அவனுக்குத் திட்டுதான் கிடைத்தது.