டெஸ்ட் ரூம் கம்ப்யூட்டரில் மூன்று பைத்தான்

எண்பது. இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கல்மாவு ஆலைத் தொழிலாளி குழாயில் ஊதுவார். அவர் மூச்சு இருக்க வேண்டிய அளவில் நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே போனால் தூசியில் நிறுத்தக் கூடாது. வெளி வேலைக்கு மாற்றியாக வேண்டும். சும்மா கிடைத்த விதி அல்ல, போராடி வாங்கியது.

அந்தச் சோதனையைப் பன்னிரண்டு வருடமாக நடத்துபவர் டெஸ்ட் ரூம் அக்கா. பட்டம் கிடையாது. பதிவேடு எழுத வந்தவர். கருவியோடு கம்ப்யூட்டரும் வந்து இறங்கியது. முட்டி மோதிக் கற்றுக்கொண்டார். ஊதல் கணக்கு, பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் பழைய பதிப்பில் ஓடும். தூசி அளவுக்கு அதற்கு அடுத்தது. மூன்று மாதம் முன்பு வருகைப் பதிவுக்கென்று புத்தம் புதியது ஒன்றும் வந்தது. ஒன்றின் மேல் ஒன்று கைவைக்காதபடி மூன்றையும் தனித்தனி ஃபோல்டரில் குடிவைத்தார்.

“ஒரே பொட்டிக்குள்ள மூணு எதுக்கும்மா? புதுசு ஒண்ணு போதாதா?” என்பார் மேனேஜர்.

“எங்க வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி புதுசுதான் சார். நீங்க மாட்டிட்டு வண்டி ஓட்டுவீங்களா?”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் இரண்டு தாளோடு ஒருவர் வந்து நின்றார். கல்லை அரைக்கும் அரவைப் பிரிவில் இருந்தவர், வாய் ஓயாததால் ‘ரேடியோ’ என்று பெயர்.

“அக்கா, ஆறு மாசம் முன்னாடி ஊதினது 2790 மில்லி. எனக்கு இருக்க வேண்டியது 3500. எழுபத்தொம்பதுன்னு போட்டீங்க, வாசல் கேட் வேலைக்கு மாத்தினாங்க. இப்பவும் அதே 2790, அதே 3500. ஆனா எண்பதாம்! திங்கக்கிழமை மறுபடி அரவைக்குப் போகணுமாம். உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல திடீர்னு என்ன பாசம்?”

“கொஞ்சம் வாய மூடுங்கண்ணே, பாக்கறேன்.”

பார்த்தார். மற்ற இரண்டு புரோகிராமிலும், எந்த ஃபோல்டரில் இருக்கும் பைத்தானைக் கூப்பிட வேண்டும் என்று முழு முகவரி இருந்தது. ஊதல் கணக்கில் மட்டும் ‘பைத்தான்’ என்று மொட்டையாக. அக்காவே எழுதியது, ஒன்றே ஒன்று இருந்த காலத்தில். புதியது வந்து ஏறியபோது அந்த மொட்டைப் பெயரைத் தனக்கென்று பிடித்துக்கொண்டது. புரோகிராம் நிற்கவில்லை, முனகக்கூட இல்லை. பழையது வகுத்ததும் பின்னத்தைத் தள்ளிவிடும்: எழுபத்தொன்பது. புதியது பின்னத்தை வைத்துக்கொள்ளும்: 79.7. தாளில் அச்சாகும்போது அது முழு எண்ணாக்கப்பட்டு எண்பது.

அக்கா மூன்று மாதப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். மூன்று மாதமாக எத்தனை பேரைத் தூசியில் நிற்க வைத்தோமோ! ரேடியோவுக்கு மட்டும் திருத்திக் கொடுத்தால் விஷயம் வெளியே வராது. யார் கேட்கப் போகிறார்கள்?

எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனார்.

“தப்பு என்னுது சார். மூணு மாச டெஸ்டையும் திரும்பப் போடணும்.”

“எழுதிக் குடுப்பியா? வேலை போனாலும் போகும், யோசிச்சுக்கோ.”

“குடுக்கறேன் சார். அந்தத் தூசியில நிக்கறது நானும் இல்ல, நீங்களும் இல்ல.”

எழுதிக் கொடுத்தார். மேனேஜர் முறைத்தார், பிறகு கையெழுத்துப் போட்டார். அக்கா முழு முகவரியை எழுதி, எல்லாக் கணக்கையும் பழைய பைத்தானில் ஓட்டி, ஒவ்வொன்றையும் கையாலும் போட்டுச் சரிபார்த்தார். நான்கு நாள் ஆயிற்று.

“நீங்க மட்டும் சண்டைக்கு வரலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதுண்ணே. ரொம்ப நன்றி” என்றார் ரேடியோவிடம்.

“என்னைக்கு நான் சண்டைக்கு வராம இருந்திருக்கேன்? இன்னைக்குத்தான் ஒருத்தர் நன்றி சொல்றீங்க” என்றவர் அதற்கு மேல் பேச முடியாமல் நின்றார். அந்த வாய் ஓய்ந்ததை ஆலை அன்றுதான் பார்த்தது. எண்பதைப் போராடி வாங்கியவர்களுக்கு மாலை விழுந்தது. அதைக் காப்பாற்றிய இந்த அம்மாவுக்கு மாலை இல்லை. நன்றியாவது சொல்வோம்.

ரேடியோவைச் சேர்க்காமல், அரவையிலிருந்து வெளி வேலைக்கு மாறியவர்கள்: ஆறு பேர்.